ரசீது வாங்கினீர்களா?

போன இதழில் நூறு நாள் வேலையைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மகளிர் உரிமைத் தொகை, முதியோர் தொகை பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: ஊரக வளர்ச்சித் துறையில் ஊர்நல அலுவலராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். விழுப்புரம் மாவட்டத்தில்தான் அதிக காலம். 2025 ஆகஸ்ட் மாதக் கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில். நான் சொல்லும் விதிகளும் தொகைகளும் அன்றைய நிலவரம். மற்றவர்களுக்குத் தபாலில் எழுதுகிறேன்.

செஞ்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகி: அம்மா, நானும் என் மாமியாரும் ஒரே வேலை அட்டையில் நூறு நாள் திட்டத்து ஏரி வேலைக்குப் போகிறோம். ஏப்ரலிலிருந்து எனக்கு 22 நாள், அவருக்கு 19 நாள் ஆகியிருக்கிறது. ஜூலையில் போய்க் கேட்டால், "உங்க முறை முடிஞ்சிபோச்சி, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்கிறார்கள். அட்டையும் அவர்களிடமே இருக்கிறது. என்ன செய்வது?

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நூறு நாள் என்பது ஆளுக்கு நூறு இல்லை, குடும்பத்துக்கு நூறு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம். 22-ம் 19-ம் சேர்ந்தால் 41. உங்கள் வீட்டுக்கு இன்னும் 59 நாள் பாக்கி இருக்கிறது. "முறை" என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. ஊரில் நூறு பேர் கேட்டால் நூறு பேருக்கும் வேலை தர வேண்டும் என்பதுதான் 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். தெருத் தெருவாக முறை வைத்து அழைப்பது ஊராட்சிகள் தங்கள் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

இன்னொன்று கேட்கிறேன். நீங்களும் மாமியாரும் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களா? ரேஷன் கார்டு தனித்தனியாக இருந்து, சமையலும் தனியாக இருந்தால் நீங்கள் இரண்டு குடும்பம். இரண்டு அட்டை, இரண்டு நூறு நாள். தனிக்குடித்தனம் போய்ப் பத்து வருடம் ஆனவர்கள் கூடப் பழைய அட்டையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். புது அட்டைக்கு ஊராட்சியில் விண்ணப்பித்தால் 15 நாளில் தர வேண்டும். அதற்குக் காசு ஒன்றும் கிடையாது. போட்டோவுக்குக்கூட உங்களிடம் வாங்கக் கூடாது.

அட்டை அலுவலகத்தில் இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம். அது உங்கள் வீட்டு ரேஷன் கார்டு மாதிரி. உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். பதிவு போட வாங்கினால் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். காரணமில்லாமல் வேறு ஒருவர் வைத்திருப்பது குற்றம். நாளைக்கே போய் வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். நீங்கள் போகாத நாளுக்கு வருகை விழுந்திருக்கிறதா, போன நாள் விடுபட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வேலை கேட்பது. நீங்கள் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள். வாயால் கேட்பதும் சட்டப்படி சரிதான், ஆனால் நாளைக்கு "அந்தம்மா வரவே இல்லையே" என்று சொல்லிவிட்டால் உங்களிடம் என்ன இருக்கிறது? எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் என்று எழுதுங்கள். குறைந்தது தொடர்ந்து 14 நாள் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டுத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றிலிருந்து 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தரவில்லை என்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு பாதி. தமிழ்நாட்டில் 2025-26-க்கான கூலி 336 ரூபாய். அப்படியானால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நாளொன்றுக்கு 84 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும்.

வருமா என்று கேட்பீர்கள். என் பணிக்காலத்தில் அந்தப் படியை ஒருவர் வாங்கியும் நான் பார்க்கவில்லை. ஆனால் தேதி போட்ட ரசீது கையில் இருந்தவர்களுக்கு 14-வது நாளோ 15-வது நாளோ எப்படியாவது வேலை வந்துவிடும். படி கொடுக்க நேர்ந்தால் ஏன் வேலை தரவில்லை என்று மேலே விளக்கம் எழுத வேண்டிவரும். அந்த விளக்கத்தை எழுத எந்த அலுவலகத்துக்கும் மனம் வராது. எனக்கும் வந்ததில்லை.

ஊராட்சியில் ரசீது தர மறுத்தால் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடமே, கிராம ஊராட்சிப் பிரிவில், அதே மனுவைக் கொடுக்கலாம். புகாராகக் கொடுத்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தனியாகப் போகாதீர்கள். தெருவில் இதே பதிலைக் கேட்டவர்கள் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து போங்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அம்மாவுக்கு ஏரி வேலைக் கூலி ஜூன் மாதத்திலிருந்து கணக்கில் ஏறவில்லை. ஊராட்சியில் கேட்டால் "உங்கம்மாவுக்கு பணம் போயிடிச்சி, கம்ப்யூட்டர்ல காட்டுது" என்கிறார்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. யாராவது எடுத்துவிட்டார்களா?

தம்பி, கம்ப்யூட்டரில் போனதாகக் காட்டினால் பெரும்பாலும் போய்த்தான் இருக்கும். எங்கே போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

2024 ஜனவரி முதல் இந்தக் கூலி ஆதார் வழியாகத்தான் போகிறது. அம்மா ஊராட்சியில் கொடுத்த கணக்கு எண்ணை அது பார்ப்பதில்லை. அவருடைய ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ, அங்கே போய் விழும். போன வருடம் என் தெருவில் பூக்கட்டும் ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. நாலு மாதக் கூலியைக் காணோம். சுருக்குப் பையிலிருந்து பாலித்தீன் கவரில் சுற்றிய பாஸ்புக்கை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஓரமெல்லாம் வெற்றிலைக் கறை. கடைசி வரியில் பதினேழு ரூபாய் சொச்சம். துருவித் துருவிக் கேட்டபோது, சிம் கார்டு வாங்கிய கடையில் "இன்னொரு தடவை விரல் வைம்மா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டாவது விரலில் அவர் பெயரில் ஒரு புதுக் கணக்கு திறந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. நாலு மாதக் கூலியும் அதில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து எண்ணியபோது அவர் விரல்கள் நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அம்மாவின் கைப்பேசியில் *99*99*1# என்று போட்டு அழையுங்கள். ஆதார் எண்ணைக் கேட்கும். கொடுத்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். வேறு வங்கி என்றால் பதற வேண்டாம், பணம் அங்கே இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், அம்மா வழக்கமாகப் போகும் வங்கிக்கு அவரையே அழைத்துப் போய், அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரை இணைக்க வேண்டும் என்று சொல்லிப் படிவம் கொடுங்கள். "ஆதார் ஏற்கெனவே இருக்கு, போங்க" என்பார்கள். விட்டுவிடாதீர்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, பணம் வருவதற்காக என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற நிறுவனத்தில் இணைப்பது வேறு. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். படிவம் கொடுத்ததற்கு அங்கேயும் ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் "போகவில்லை" என்று காட்டினால் கதை வேறு. அட்டையில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மேலிருந்தே நிதி வராமல் நிற்கலாம். 2024 நவம்பர் தொடங்கி 2025 மார்ச் வரை மாநிலம் முழுக்க அப்படித்தான் நின்றது. ஒன்றிய அரசு 4,034 கோடி ரூபாய் தர வேண்டியிருக்கிறது என்று தமிழ்நாட்டு அரசு சொன்னது. அந்த ஐந்து மாதமும் மண் சுமந்தவர்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் சாப்பிட்டார்கள்.

15 நாளுக்கு மேல் கூலி தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு. ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் கணக்கு. கந்துவட்டிக்காரர் அந்த ஐந்து மாதத்துக்கு எவ்வளவு வாங்கியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி: "நான்கு சக்கர வாகனம் உள்ளது" என்று சொல்லி எனக்கு மகளிர் உரிமைத் தொகையை மறுத்துவிட்டார்கள். எங்கள் பழைய காரை விற்று நான்கு வருடம் ஆகிறது அக்கா.

விற்றீர்கள் சரி, வண்டியின் பதிவுச் சான்றில், அதுதான் ஆர்.சி.யில், பெயரை மாற்றினீர்களா? வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டிருப்பீர்கள். அவர் மாற்றியிருக்க மாட்டார். போக்குவரத்துத் துறைக் கணினியில் அந்த வண்டி இன்றும் உங்கள் வீட்டுக்காரர் பெயரில்தான் ஓடுகிறது. மாதம் ஆயிரம் ரூபாயை நிறுத்தியது அந்த ஒரு பதிவுதான்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களை, வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்து முடியுங்கள். உரிமைத் தொகைக்கு மட்டுமில்லை, நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்தால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பெயர் மாறிய நகலோடு, விண்ணப்பம் வாங்கும்போது மறுபடி விண்ணப்பியுங்கள். 2025-ல் "உங்களுடன் ஸ்டாலின்" என்ற அரசு முகாம்களில் வாங்கினார்கள். அதில் 45 நாளில் பதில் சொல்வதாக அறிவித்திருந்தார்கள். விண்ணப்பத்துக்குத் தரும் ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மறுப்பு குறுஞ்செய்தி வந்து 30 நாளுக்குள் இருப்பவர்கள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். இந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோதே வைத்த வழி அது.

மற்ற வரம்புகளையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்.

திருக்கோவிலூர் பக்கத்து விவசாயி ஒருவர்: மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்குகிறார்கள். நீங்கள் அவர்களுக்கு இன்னும் சட்டம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அரசாங்கமே காசு கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்குவது சரியா?

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் இரண்டு ஏக்கர் விவசாயிதான். நாற்று முற்றிப்போய் நிற்க, ஆள் வராமல் வரப்பில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் 2006-ல் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 2-ம் தேதி ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டத்து பண்ட்லபள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் ஆறு மாவட்டங்கள். விழுப்புரம் அதில் ஒன்று. கூலி 80 ரூபாய். அந்த நாளில் எங்கள் பக்கம் களை எடுக்கப் போகும் பெண்ணுக்கு 30, 40 ரூபாய்தான் கொடுப்பார்கள். ஆணுக்கு அதைப்போல் இரண்டு பங்கு. முதல் வாரக் கூலி கொடுக்கிற அன்று ஏரிக்கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா 480 ரூபாயை வாங்கிக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு நகராமல் நின்றார். "என்னம்மா, குறையுதா?" என்றேன். "இல்லீங்க. ஆம்பளைக்கும் இதேதானா?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்ற தன் வீட்டுக்காரர் கையிலிருந்த பணத்தையும் வாங்கி எண்ணிப் பார்த்தார். அதுவும் 480. ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்றைக்கு ஏறிய கூலிதான் வயலிலும் ஏறியது. உங்கள் கைக்கு அது கடினம்தான். ஆனால் நடவு நட்டுக் கொடுத்தவர்கள் அதுவரை வாங்கியதுதான் குறைவு. உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நெல்லுக்கும் கரும்புக்கும் வரும் விலை போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பாரத்தை மண்வெட்டி பிடிக்கிற அம்மா தலையில் ஏற்றக் கூடாது.

வேப்பமரத்தடிக்கு வருவோம். நிழல், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி மூன்றும் பணித்தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சிறு பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குத் தனிக் கூலியே உண்டு. மே மாதம் பதினோரு மணிக்கு ஏரி உள்வாயில் நின்று பாருங்கள் ஐயா, மண் கல்லாக இருக்கும், கடப்பாரை போட்டால் துள்ளும். வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் பெண்கள், அதிலும் பாதி வயதானவர்கள் மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. 336 ரூபாய்கூட அளவு நிறைந்தால்தான். டேப் வைத்து அளக்கும்போது குறைந்தால் கூலியும் குறையும். உட்கார்ந்தே பொழுதைக் கழித்த இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அங்கெல்லாம் வேலையை ஒழுங்காகப் பிரித்து, அளந்து கொடுக்க ஆளில்லை. பணித்தளப் பொறுப்பாளர் ஒருவரே வருகைப் பதிவு, காலை ஒன்று மாலை ஒன்று என்று போட்டோ, எல்லாம் பார்த்துக்கொண்டு நூறு பேருக்கும் அளவு போட முடியாது.

நாடு முழுக்கச் சராசரியாக ஒரு வீட்டுக்குக் கிடைப்பது வருடத்தில் 50 நாளை ஒட்டித்தான். மற்ற 300 நாளும் அவர்கள் உங்களைப் போன்றவர்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். நடவு, அறுப்பு சமயத்தில் ஏரி வேலையைக் குறைத்து, வெயில் காலத்தில் கூட்டி வைக்கும்படி கிராம சபையில் நீங்களே கேட்கலாம். அந்தக் கோரிக்கை நியாயமானது. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 2-ல் கிராம சபை உண்டு.

அப்புறம், மூன்று ஏக்கர் என்றால் நீங்கள் சிறு விவசாயி. உங்கள் நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டவும் வரப்பு போடவும் இதே திட்டத்தில் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கும் வேலை அட்டை இருக்க வேண்டும், நீங்களும் அதில் இறங்கி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு குட்டை இருந்தால் கடைசித் தண்ணீருக்கு நீங்கள் மேலே பார்க்க வேண்டியிருக்காது. உங்கள் நிலத்தில் அவர்களோடு சேர்ந்து ஒரு வாரம் மண் வெட்டிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

வந்தவாசி பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தி கையால் எழுதியது: எனக்கு 67 வயது. மாதம் 1,200 முதியோர் பணம் வருகிறது. "பென்ஷன் வாங்குறவங்க வேலைக்கு வரக் கூடாது" என்று பெயரை எடுக்கப் போகிறார்களாம். மனு எழுதச் சொல்கிறாய், எப்படி எழுதுவது என்று நீயே எழுதிக் கொடு தாயி.

எடுக்க முடியாது பாட்டி. 18 வயதுக்குக் கீழே இருந்தால்தான் தடை, மேலே எந்த வயதிலும் வரலாம். முதியோர் தொகை வாங்குகிறீர்கள் என்பதற்காகப் பெயரை நீக்க விதி இல்லை. மண் வெட்ட முடியவில்லை என்றால் தண்ணீர் கொடுக்கிற வேலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கேளுங்கள். வயதானவர்களுக்கு அதைத்தான் தர வேண்டும்.

பேத்தியிடம் கொடுத்து, வெள்ளைத் தாளில் இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்:

"பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள். ஐயா, எனது வேலை அட்டை எண் இது. இந்த நிதியாண்டில் எங்கள் குடும்பத்துக்கு இதுவரை இத்தனை நாள் வேலை தரப்பட்டுள்ளது. இந்தத் தேதி முதல் தொடர்ந்து 14 நாள் வேலை கோருகிறேன். என் வயதை ஒட்டி, பணித்தளத்தில் குடிநீர் வழங்கும் பணி அல்லது குழந்தைகளைப் பராமரிக்கும் பணி வழங்க வேண்டுகிறேன். என் பெயரை அட்டையிலிருந்து நீக்க உத்தேசித்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவைப் பெற்றதற்குத் தேதியிட்ட ரசீது வழங்கவும்."

கீழே தேதி, ஊர், பெயர், கைநாட்டு. இரண்டு படி எழுதச் சொல்லுங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம் பாட்டி. திரும்பி வந்து ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். அந்த அட்டை கையெழுத்தோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். அதையும் முதியோர் தொகை பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள். பேத்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.